ஜோடி இல்லை என்பதற்கு ஆதாரம்

பிப்ரவரி 8, செவ்வாய்

நகராட்சியிலிருந்து கடிதம். வாடகை உதவியை நிறுத்திவிட்டார்களாம். காரணம், எனக்கு ஒரு துணைவர் இருக்கிறாராம், அவர் சம்பளமும் கணக்கில் சேருமாம்! ஐம்பத்து மூன்று வயதில், நானே கவனிக்காமல், எனக்கொரு ஜோடி வாய்த்திருக்கிறது. யாரென்று பார்த்தால் டெஸ்மண்ட் — நாலு வருடமாகப் பின்னறையில் வாடகைக்கு இருக்கும் பேருந்து ஓட்டுநர்.

பள்ளிச் சமையலறைச் சம்பளத்தில் இந்த வீட்டைத் தாங்க முடியாது. உதவி திரும்ப வராவிட்டால் கோடைக்குள் காலி செய்ய வேண்டியதுதான்.

பிப்ரவரி 9

விஷயம் தெரிந்துவிட்டது. டீ!

போன மாதம் விசாரிக்க வந்த அதிகாரிக்குப் பால் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று மரியாதையாகக் கேட்டேன். டெஸ்மண்டைக் கேட்கவில்லை, என் பாட்டுக்கு இரண்டு கரண்டி போட்டு நீட்டினேன். "கேட்காமலேயே தயாரித்தார்" — அறிக்கையில் அதற்கென்று தனி வரி.

"உப்பைப் போட்டிருக்கலாமே நார்மா, வீடு தப்பிச்சிருக்கும்" என்கிறார் டெஸ்மண்ட்.

பிப்ரவரி 21

மேல்முறையீடு அனுப்பியாயிற்று. இனி ஆதாரம் சேர்க்க வேண்டும். குளிர்பெட்டியில் தனித்தனி அடுக்கு, தனித்தனி வெண்ணெய். அவர் குறட்டையைக் கண்டித்து நான் எழுதிய சீட்டுகள் மூன்று. பக்கத்து வீட்டு கிளெண்டாவைச் சாட்சிக்குக் கேட்டேன்.

"நீங்க தினம் சண்டை போடுறீங்கன்னு சொல்லட்டுமாடி?"

"சொல்லு."

"அப்ப புருஷன் பொண்டாட்டியேதான்னு முடிவு கட்டிருவாங்களே!"

இவளை நம்பி லீட்ஸ் நகரத்து விசாரணைக்குப் போக முடியாது.

மே 3

விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. வீட்டு உரிமையாளரின் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வந்துவிட்டது. தூக்கம் போச்சு.

மே 17

சமையலறையில் எதிரெதிரே நிற்கவே பயமாக இருக்கிறது. என் இருமலுக்கு மருந்து வாங்கி வந்தவர், பையை என் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, "இதுவும் ஆதாரமாயிடுமோ?" என்றார். சிரித்தேன். அப்புறம் ஏனோ வேலை எதுவும் ஓடவில்லை.

ஜூலை 12

லீட்ஸ். நீதிபதி அம்மாள் சுற்றி வளைக்காமல் டெஸ்மண்டிடம் கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் ஜோடியா?"

"இல்லைங்க. நான் கேட்டேன். இவங்க வேண்டாம்னுட்டாங்க."

ஆமாம். போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள். இந்த நோட்டில்கூட நான் அதை எழுதவில்லை. ஏன் எழுதவில்லை?

"என்ன சொல்லி மறுத்தாங்க?"

"பஸ்காரனைக் கட்டினா கல்யாணத்துக்கே இருபது நிமிஷம் லேட்டா வருவான்னாங்க. நானும் சிரிச்சுட்டேன்."

நீதிபதி சிரித்தார். நகராட்சி ஆளும் சிரித்தார். டெஸ்மண்ட் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவையே சிரிக்க வைக்கிற என் வாய் சொன்ன ஜோக்தான் அது.

ஜூலை 22

ஜெயித்துவிட்டேன். "இருவரும் ஜோடி அல்லர்." உதவி தொடரும், வீடு தங்கியது. கிளெண்டா கேக்கோடு வந்து ஆடினாள்.

டெஸ்மண்ட் மாதக் கடைசியில் தங்கை வீட்டுக்குப் போகிறாராம். "இனிமே யாரும் உன்னைக் கேள்வி கேக்க மாட்டாங்க பாரு."

போகாதேன்னு சொல்ல வேண்டியதுதானே? சொல்லலையே. "தங்கச்சி சமையல்ல இளைச்சுப் போயிருவே"ன்னு ஜோக் அடிச்சேன். இப்பவும் ஜோக்! எனக்கெல்லாம் வாய் எதுக்கு?

ஜூலை 26

காலையில் நகராட்சி அலுவலகம் போய், குடும்ப நிலை மாறினால் தெரிவிக்கும் படிவம் ஒன்று கேட்டேன். உதவி மறுபடி போகும், தெரியும். இரண்டு சம்பளத்தில் வாடகையை இழுத்துப் பிடித்துக் கட்டலாம் — அவர் சம்மதித்தால்.

கவுண்ட்டர் அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "இப்பதானே ஜெயிச்சீங்க! அதுக்குள்ள என்ன மாறிச்சு?"

"இன்னும் ஒண்ணும் மாறலைங்க. வீட்டுக்குப் போய்த்தான் கேக்கணும்."