வலது பக்கமா இழுக்குற மோட்டர்

அடியே,

காலையில மோட்டர் சைக்கிளக் கழுவிகிட்டு இருந்தேன். பின்னாடி உக்கார்றவங்க காலு வைக்கிற கம்பி ரெண்டு இருக்குல்ல, அதுல எடது பக்கத்து ரப்பரு தேஞ்சு வழுக்கையாயி, உன் செருப்பு நின்ன எடத்துல மட்டும் பள்ளமா கெடக்கு. வலது பக்கத்து ரப்பரு கோடு கோடா, கடையில வாங்கி மாட்டுன அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கு. இத்தன வருஷத்துல ஒரு நாளாச்சும் ஒரு காலத் தூக்கி அந்தப் பக்கம் போட்டிருக்கியா நீ? ஒரு பக்கமாவே உக்காந்து, ஒரு ரப்பர மிதிச்சே கொன்னுட்டு, இன்னொன்ன கன்னியாவே வச்சுட்டுப் போயிட்ட.

ஈரத்துணியோட அங்கயே குந்திட்டேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா எட்டிப் பாத்து, "பாக்சிக், ஒடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டுச்சு. முட்டி வலின்னு பொய் சொன்னேன்.

எனக்கு எழுத வராது, உனக்கே தெரியும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்த விட்டுப் பாதியில ஓடி வந்தவன். கட்டிகிட்ட புதுசுல என் எழுத்தப் பாத்து, "என்னாங்க இது, கோழி கிளறுன மாதிரி?"ன்னு கேட்டவதானே நீ. இப்பவும் சிரிச்சுக்க. ஆனா கடேசி வரைக்கும் படி.

கம்பெனிக்காரன் தோட்டத்த வித்து எல்லாரையும் வெளியாக்குனப்ப குருபோங் பக்கம் இந்த வீட்டுக்கு வந்தோம். எனக்கு சுங்கை ஊடாங்ல கன்ட்ரேக் வேல, உனக்கு ஒரு பேக்டரியில கூட்டுற வேல. அப்ப வாங்குன கப்சாய் மோட்டரு இது. நம்ப கைக்கு வர்றப்பவே அது கெழவி. புதுசு வாங்க வக்கில்ல, இருக்குறத சாவ விடாம வச்சுகிட்டோம்.

நான் கழட்டுவேன். நீ பக்கத்துல பலகையப் போட்டு உக்காந்து, கழட்டுன ஸ்குரூவ எல்லாம் ஐஸ்கிரீம் டப்பா மூடியில வரிசையா அடுக்குவ. நான் திரும்பப் பூட்டி முடிச்சுட்டு நெஞ்ச நிமித்துனா, மூடியில ஒன்னு மிச்சம் கெடக்கும்.

"இது எங்கங்க போவணும்?"

"அது எக்ஸ்ட்ரா லா. ஜப்பான்காரன் அன்பா குடுத்தது."

"அன்பா குடுத்தா வாயில போட்டுக்குங்க. மொதல்ல மறுபடியும் கழட்டுங்க."

புகைக் கொழாயில ஓட்ட விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா? சார்டின் டின்ன வெட்டிச் சுத்தி, கம்பி போட்டு முறுக்கினேன். மீன் படம் வெளிய தெரியுற மாதிரி வேணும்னேதான் வச்சேன். கோயில் வாசல்ல நிறுத்துனா நீ போயி அதுக்கு முன்னாடி நின்னு சேலையால மறைச்சுகிட்டு, வர்றவங்களப் பாத்து இளிப்ப. இன்னொரு தடவ வடை சுட்ட எண்ணெய்ய செயினுக்கு ஊத்துனேன். தெரு நாயி அத்தனையும் மோப்பம் புடிச்சுகிட்டு நம்ப பின்னாடியே ஓடி வந்துச்சு. முதுகுல குத்துன பாரு ஒரு குத்து! "இனிமே பலகாரம் சுட்ட எண்ணெய்ய மோட்டருக்கு ஊத்துனீங்க, மோட்டரு எண்ணெய்யில ஒங்களுக்குப் பலகாரம் சுட்டுருவேன்!"

செஞ்சாலும் செஞ்சிருப்ப.

பாச்சாங் பசாருக்குப் போறப்ப ஒரு போலீஸ்காரன் நிறுத்துனான். மோட்டர்ல ஒன்னும் குத்தம் சொல்ல முடியல, உன்னப் பாத்துட்டு, "மாக்சிக், இப்படி ஒரு பக்கமா உக்காந்தா விழுந்துருவீங்க"ன்னான். நீ பைய மடியில வச்சுகிட்டு, கீழ எறங்கக்கூட இல்லாம, "ஜாத்தோ சாமா-சாமா லா, துவான்"ன்ன. விழுந்தா ரெண்டு பேரும் சேந்தே விழுவோம்னு. அவன் சிரிச்சுட்டான், விட்டுட்டான்.

பெரிய பேச்சு பேசின. பேசிட்டு என்னா பண்ணுன?

மொதல்ல சக்கர நோயி, அப்புறம் காலு, அப்புறம் கிட்னி. ஆஸ்பத்திரிக்கும் மோட்டர்லதான் போவேன்னு அடம். மகன் காரக் கொண்டாந்தா, "கார்ல போனா நோயாளி மாதிரி இருக்கு"ன்னு மூஞ்சத் திருப்பிக்குவ. கடேசித் தடவ உன்னால மூஞ்சக்கூடத் திருப்ப முடியல. மகன் உன்னத் தூக்கி கார் பின் சீட்ல படுக்க வச்சான். மருமகளும் பேரப்புள்ளைங்களும் ஏறுனதுல எனக்கு எடமில்ல. நான் மோட்டர்ல பின்னாடியே வந்தேன். லைட்டு செவப்பு விழுந்துச்சு. கார் போயிருச்சு, நான் நின்னுட்டேன். நான் போயி சேந்தப்ப உன்ன உள்ள கொண்டு போயிட்டாங்க. அதுக்கப்புறம் நீ கண்ணத் தொறந்து பேசல.

கருமாதி எல்லாம் முடிஞ்சு மறுபடி மோட்டர எடுத்தேன். ரோட்டுல ஏறுனதும் அது வலது பக்கமா இழுக்குது. லாரி வர்ற பக்கம். நான் எடது பக்கம் ஒடிக்கிறேன், அது வலது பக்கமே போவுது. பாச்சாங் போற வழியில ஒரு லாரிக்காரன் ஹாரன் அடிச்ச அடியில நடு ரோட்டுல விழுந்தேன். கையில செராய்ப்பு, வேற ஒன்னுமில்ல. ஆனா மகன் ஓடி வந்து குதிச்சான்.

"ப்பா, இன்னொரு தடவ விழுந்தீங்க, பழைய இரும்புக்காரன வரச்சொல்லி மோட்டரத் தூக்கிக் குடுத்துருவேன். விளையாடல."

"மோட்டர மட்டும் ஏண்டா குடுக்குற? என்னையும் சேத்து நிறுத்துக் குடு. எலும்பு கொஞ்சம் தேறும்."

அவன் சிரிக்கல. பாவம், அவனும் ஒரு ஆளப் பறிகுடுத்தவன்தானே. ஆனா மோட்டரும் போயிருச்சுன்னா எனக்கு என்னா இருக்கு, சொல்லு. பசார் இல்ல, கோயில் இல்ல, தே தண்ணி கடையில நாலு பேரக் கிண்டல் பண்ற சொகம் இல்ல. உன் படத்தப் பாத்துகிட்டு உக்காந்துருக்கணும். நீயோ படத்துல எப்பவும் போல மொறைச்சுகிட்டே இருக்க.

அதனால மோட்டருக்கு வைத்தியம் பாக்க ஆரம்பிச்சேன். முன் சக்கரத்து பேரிங்க மாத்துனேன். ஹேண்டல் கழுத்துக்குள்ள இருக்குற குண்ட எல்லாம் கழட்டித் தொடச்சு கிரீஸ் போட்டேன். டயரு ஒரு பக்கம் தேஞ்சிருக்குமோன்னு பழைய சாமான் கடையில வேற டயரு தேடி மாட்டுனேன். ஸ்குரூவ அடுக்க ஆளில்ல, கீழ உருண்டத தேடி வெளக்கமாத்தால கூட்டி எடுத்தேன். கைக்காசுல சோத்துக்குப் போவ மிச்சம் இருந்தது எல்லாம் அது வயித்துக்குள்ள போச்சு. அப்பவும் வலது பக்கம்தான் இழுத்துச்சு.

கடேசியா பாச்சாங்ல நம்ப மோட்டர் கடை மொதலாளி, அந்த தவுக்கேகிட்ட கொண்டு போனேன். உனக்குத் தெரிஞ்ச சீனந்தான், நீ முறுக்கு குடுப்பியே, அவன். அவன் ஏறி ஒரு சுத்து போனான். திரும்பி வர்றப்ப ரெண்டு கையையும் விட்டுட்டு வர்றான், மோட்டரு நூலு புடிச்ச மாதிரி வருது. எனக்கு வெக்கமாப் போச்சு.

"அங்கிள், நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி வந்து பாக்குறேன்"ன்னான்.

ஓட்டுனேன். அவன் வேற மோட்டர்ல பின்னாடியே வந்தான். கடைக்குத் திரும்பி எறங்குனதும் என்னைய மேலயும் கீழயும் பாத்தான்.

"மோட்டரு லூருஸ், நேராத்தான் இருக்கு அங்கிள். நீங்கதான் செங்கெட்."

"நான் கோணலா?"

"வலது பக்கம் சாஞ்சே உக்கார்றீங்க. ஆன்டி எடது பக்கம் உக்காருவாங்க இல்ல? அதுக்கு ஈடா சாஞ்சு சாஞ்சு ஒடம்புக்குப் பழகிருச்சு." கையத் துணியில தொடச்சுகிட்டே உள்ள போனான். போறப்ப திரும்பிப் பாக்காமயே சொன்னான், "இதுக்கு சாமான் கெடைக்காது அங்கிள்."



மறுநாளு நம்ப தாமான் வீடுங்களுக்குப் பின்னாடி காலி எடத்துக்கு மோட்டரத் தள்ளிகிட்டுப் போனேன். நிமிந்து, நேரா உக்காந்து ஓட்டிப் பாத்தேன். மோட்டரு நேராப் போச்சு. ஆனா அந்த நேரந்தான் என் முதுகு காலியாச்சு. ஆஸ்பத்திரியில இல்ல, சுடுகாட்டுல இல்ல, அந்தக் காலி எடத்துல. நானே உன்ன எறக்கி விட்டுட்டு போற மாதிரி இருந்துச்சு. பாதியில நிறுத்திட்டேன். அது எனக்கு வேணாம்.

ஆனா விழவும் கூடாது, விழுந்தா மோட்டரு போயிரும்.

யோசிச்சேன். கடையில ஒரு மூட்டை அரிசி வாங்குனேன். உன் எடத்துல, எடது பக்கம் நல்லாத் தள்ளி வச்சு, பழைய டயரு டியூப கிழிச்சு இறுக்கிக் கட்டுனேன். ஏறி எப்பவும் போல சாஞ்சு உக்காந்தேன். இழுக்கல. தவுக்கே கடை முன்னாடியே ரெண்டு தடவ போயி வந்தேன். அவன் பாத்தான், கையத் தூக்குனான்.

ரெண்டு வாரமா அரிசி எறங்கலன்னதும் மகன் கேட்டான்.

"ப்பா, அரிசிய ஏன் இன்னும் மோட்டர்லயே வச்சிருக்கீங்க?"

"ஊரு சுத்திப் பாக்கட்டும்டா. வீட்டுக்குள்ளயே இருந்தா அதுக்கும் போரடிக்கும்ல?"

அவன் மூட்டையப் பாத்தான். அது எந்தப் பக்கமா இருக்குதுன்னும் பாத்தான். அப்புறம் டியூப் முடிச்ச ஒரு இழுப்பு இழுத்து, இன்னும் கொஞ்சம் இறுக்கிட்டு உள்ள போயிட்டான். இரும்புக்காரன் பேச்ச அப்புறம் எடுக்கல.

நேத்து பசார்ல இருந்து வர்றப்ப நல்ல மழ. மோட்டர்காரன் எல்லாம் பாலத்துக்கு அடியில ஒதுங்குனாங்க, நானும் ஒதுங்குனேன். மழ விடுற மாதிரி தெரியல. சீட்டுக்கு அடியில இருந்து மழக்கோட்ட எடுத்தேன். ஒன்னுதான் இருக்கு. அதப் பிரிச்சு மூட்டைக்குப் போத்தி, காத்துல பறக்காம கோட்டுக் கை ரெண்டையும் சுத்திக் கட்டிவிட்டேன். நிக்கிறவன் எல்லாம் பாக்குறான். ஒரு சின்னப் பையன், "அங்கிள், அரிசிக்கா கோட்டு?"ன்னு கேட்டுச் சிரிச்சான்.

"அதுக்கு சளி புடிச்சா நான்டா ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கணும்"ன்னேன்.

மழையிலயே ஏறி, வலது பக்கம் சாஞ்சுகிட்டு, தெப்பமா நனைஞ்சு வீடு வந்து சேந்தேன். மோட்டரு நேரா வந்துச்சு, புள்ள.