தொட்டிக்குள்ளிருந்து நீங்கள் இழுத்தெடுத்தவன்

அண்ணை,

இன்று பாரிஸ் லா சப்பலில் நான் வேலை செய்யும் கடையில் ஒரு சிவப்பு வைன் போத்தல் விழுந்து உடைந்தது. துடைக்கக் குனிந்தவன் அப்படியே வெளியே ஓடி, நடைபாதையில் நின்று மூச்சு வாங்கினேன். "மணத்திலையே வெறிச்சிட்டுதோ தம்பி?" என்று முதலாளி சிரித்தார். அவருக்கு அந்தத் தொட்டியைப் பற்றித் தெரியாது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் திராட்சை அறுவடைக்கென்று எங்கள் இருவரையும் ஏற்றிப்போனவன் தமிழன்தான். எங்கள் பேப்பர்களை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டான். பழைய கல்மாளிகை, பெரிய இரும்புக் கேற், கண்ணுக்கெட்டிய தூரம்வரை திராட்சைக் கொடி. பஸ் வராத இடம். கேற்றைத் தாண்டினால் பொலிஸ் பிடிக்கும் என்று அவன் தினமும் சொல்வான். ஒருநாள் நீங்கள் ஒரு கறுத்த பழத்தை நசுக்கிக் காட்டினீர்கள். "சாறு வெள்ளையடா. தோலோடை அடைச்சு வைச்சாத்தான் சிவக்கும்."

வைனை வடித்தபின் தொட்டியின் அடியில் கிடக்கும் அந்தத் தோல்களை அள்ளுவது என் வேலை. அடிப்பக்கச் சிறுகதவால் ஊர்ந்து உள்ளே போனேன். பழம் புளித்து உள்ளே தங்கியிருக்கும் காற்று ஆளைக் கொல்லும் என்று எவனும் சொல்லவில்லை. நாலைந்து சவள் அள்ளியிருப்பேன், கால் மடிந்தது. கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கத்த வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை.

மிச்சத்தைக் கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நுழைந்து என்னை இழுத்தெடுத்தீர்களாம்.

"போன் அடியாதை! பொலிசு வந்தா எல்லாரும் துலைஞ்சம்" என்று எங்களை ஏற்றிப்போனவன் கத்தினானாம்.

"வந்தா வரட்டும். இவன் சாகப்போறான்" என்று நீங்கள் போன் அடித்தீர்களாம்.

அம்புலன்சுக்குப் பின்னாலேயே பொலிசும் வந்தது. என் அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை, உங்களுடையது நிராகரிக்கப்பட்டிருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீங்கள் தடுப்பு முகாமுக்கு, அங்கிருந்து கொழும்புக்கு.

பிறகு என்னை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் தந்த பயணப் புத்தகத்தோடு எங்கும் போகலாம், இலங்கையைத் தவிர. போன வெள்ளிக்கிழமை உங்கள் செத்தவீட்டை உங்கள் மகள் போனில் காட்டினாள். அரிசி மூடைகளுக்கு நடுவில் நின்று பார்த்தேன். பறை தொடங்கும்போது யாரோ கூப்பிட்டார்கள். போனைக் கவிழ்த்துவிட்டுப் போய் முருங்கைக்காய் நிறுத்துக் கொடுத்தேன்.

போன வருடம்தான் துணிந்து போனில் உங்களிடம் கேட்டிருந்தேன். "பொலிசு வர அரை மணித்தியாலம் இருந்ததல்லோ அண்ணை? கொடிக்குள்ளாலை ஓடியிருக்கலாமே?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள்.

"ஓடத்தான் வெளிக்கிட்டனான். நீ என்ரை சேட்டு நுனியைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தாய். விரலைப் பிரிச்சுப் பாத்தன். விடேல்லை."

அப்படிப் பிடித்தது எனக்கு நினைவே இல்லை, அண்ணை. ஆனால் நீங்கள் சொன்ன நாளிலிருந்து அந்தக் கையோடுதான் இருக்கிறேன்.