யார் வீடும் அல்லாத வீடு

ஜூன் 3, செவ்வாய்

மாமனார் இன்றும் சாப்பிடவில்லை. பர்மிங்காமில் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு, அவரே கடையில் வாங்கிய ரொட்டியையும் வாழைப்பழத்தையும் தின்கிறார். என் வீட்டில் கை நனைக்க மாட்டாராம். மாரிசெல்வியும் நானும் அவரிடம் கேட்காமல் பதிவுத் திருமணம் செய்தபோது, சங்கரன்கோவிலில் நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தை அது. என் வீட்டார் வேறு சாதி. அவருக்கு அது போதும். பேத்தியைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார். என்னிடம் ஒரு சொல் பேசுவதில்லை.

அவரோடு வந்திருக்கும் அத்தை அடுப்படியில் நின்றபடியே தோசை சாப்பிட்டுவிட்டு, "சபதம் போட்டது அவரு. நானா போட்டேன்?" என்கிறார்.

கோபம்தான் வருகிறது. ஆனால் மனுஷர் நாளுக்கு நாள் மெலிகிறார். அதைப் பார்த்தால் கோபமும் நிற்கமாட்டேன் என்கிறது.

ஜூன் 4

மாரிசெல்விக்கு இருப்பது மூளை. வேல்ஸ் பக்கம் ஒரு கிராமத்தில் வார இறுதிக்கு வீடு பிடித்துவிட்டாள். "எப்பா, யாரோ ஒரு வெள்ளைக்காரம்மா வீடு. வாடகைக்கு. இவரு வீடு இல்ல."

மாமா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். "சரி மக்கா."

ஜூன் 6, வெள்ளி

எங்கே வந்திருக்கிறோம்? கண்ணுக்கு எட்டிய வரை புல். மேகம் இறங்கி வந்து சமையலறை ஜன்னலில் நிற்கிறது. ஆடுகள் பனிக்குள் போய், வேறெங்கோ வெளியே வருகின்றன. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகவில்லை.

மாமா சாப்பிட்டார்! ரசம் சோறு, மூன்று தரம். சமைத்தது நான். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 7

மாமா காலையிலிருந்து சரிவில் படுத்திருக்கிறார். மானாவாரிக் கரிசலில் மழைக்கு வானத்தைப் பார்த்தே வயதானவர். இங்கே தூறல் அவரைக் கேட்காமலே வந்து வந்து போகிறது. எழுந்திருக்கவே இல்லை. மகள் யாழினி அவர் நெஞ்சில் தலைவைத்துத் தூங்கிப்போனாள். "ஆடு இம்புட்டு கெடக்கு, மேய்க்க ஒரு ஆள் இல்லையே" என்று யாரிடமோ சொன்னார். பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். என்னிடமா? தெரியவில்லை. நானும் படுத்துக்கொண்டேன். நேரம் எங்கே போனதென்று தெரியவில்லை. நாங்கள் இருவரும் ஒரே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூன் 8

போச்சு. மத்தியானம் மாமா பேத்தியிடம், "ரசம் யாரு வச்சது? ஆச்சியா?" என்று கேட்க, அது "அப்பா!" என்று கத்திவிட்டது.

மாமாவின் கை தட்டிலேயே நின்றது. அத்தை தலையைக் குனிந்துகொண்டார். மாரிசெல்வி என் காலை மிதித்தாள் - நான் என்ன செய்ய? ஏன் இந்த மனுஷருக்கு இவ்வளவு பயப்படுகிறேன்?

அப்புறம் தட்டை நகர்த்தினார். என் பக்கமாக. ஊற்றினேன்.

ஜூன் 10

பர்மிங்காம். ராத்திரிச் சாப்பாட்டு நேரம். மாமா சுவரைத் தடவிப் பார்த்தார். "ஏட்டி செல்வி, இதுவும் வாடகை வீடுதான?"

"ஆமாப்பா."

"அதான" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

டிசம்பர் 28, சங்கரன்கோவில்

லீவுக்கு வந்திருக்கிறோம். என் அம்மா வீட்டுக்குப் பேத்தியைப் பார்க்க வந்த மாமா வாசலிலேயே நின்றார். பர்மிங்காமில் நாங்கள் சொந்தமாக வீடு வாங்கியதை மாரிசெல்வி சொன்னாள். அது வாடகை இல்லை, என் பேரில் உள்ள வீடு. இனி என்ன சாக்குச் சொல்லிச் சாப்பிடுவார்?

 மாமா திரும்பிச் செருப்பை மாட்டினார். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

தெருவில் இறங்கியவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"மாப்ள, பால் காய்ச்ச நாள் பாத்தாச்சா?"

"இல்ல மாமா."

"நீங்க பாக்காண்டாம். நான் பாத்துட்டு வாரேன். மொதப் பந்தியில நான் உக்காரணும்லா."