நட்சத்திரம் கட்டாத நத்தார்

குருநகர்,
யாழ்ப்பாணம்.
தை மாதம் 5ஆம் திகதி

என் அன்பு மகன் எமில்ராஜுக்கு அம்மா எழுதுவது.

மாதாவின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் தங்கச்சி மேர்சியும் இங்கே சுகம். நீயும் பாரிசில் சுகமாக இருப்பாய் என்று இவ்வளவு காலமும் முதல் வரியிலேயே நானே எழுதி முடித்துவிடுவேன். இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. கேட்கிறேன் தம்பி, நீ சுகமா? இதைப் போனில் கேட்டால் என்ன என்று நினைப்பாய். போனில் கேட்டால் இங்கிலீசு எழுத்தில் நாலு சொல் வருகிறது, அதையும் மேர்சி வாசித்துச் சொல்ல வேண்டும். அதனால்தான் அவளுடைய பழைய கொப்பியில் தாள் கிழித்து வைத்துக்கொண்டு குசினி வாசலில் இருக்கிறேன். எழுதத் தொடங்கி இரண்டு தரம் எழும்பிவிட்டேன். ஒருக்கால் அடுப்பில் இருந்த பாலுக்கு, மற்றது சும்மா, ஒழுங்கை முனை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். யாரைப் பார்க்கப் போனாய் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

வீட்டு நிலைமையைச் சொல்கிறேன், எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது. ஆவணி மாதம் நாங்கள் நாலு பேரும் போனில் கதைத்து எடுத்த முடிவு உனக்கு மறந்திருக்காது. உன் கையில் பாஸ்போட் வந்துவிட்டது, ஒன்பது வருடத்துக்குப் பிறகு வருகிற ஆடியில் கோயில் பெருநாளுக்கு நீ வரவேண்டும், அதற்காக நீ அங்கே செலவைக் குறைப்பாய், நாங்கள் இங்கே குறைப்போம், மாதாமாதம் எங்களுக்கு அனுப்புகிற காசை உன் பிளேன் ரிக்கற்றுக்கு எடுத்து வைப்பாய் என்று பேச்சு. எல்லாருக்கும் முதல் ஓம் என்று சொன்னவள் நான். சொன்னபடி நடந்தும் காட்டினேன். காஸ் சிலிண்டரை மூலையில் தள்ளிவிட்டு விறகில் சமைக்கிறேன். பிரிட்ஜை நிறுத்திவிட்டோம், அதற்குள்ளே மேர்சி காலில் போடுகிற தன் சப்பாத்துகளை அடுக்கி வைத்திருக்கிறாள். அப்பாவின் வலையில் படுகிற நண்டில் பெரியது எல்லாம் கொம்பனிக்குப் போகிறது, கால் முறிந்ததும் சின்னதும் எங்கள் கறிக்கு. சுருட்டை விடுங்கள் என்றேன், விடமாட்டேன் பாதியாகக் குறைக்கிறேன் என்றார். சொன்னபடியே ஒவ்வொரு சுருட்டையும் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி வைக்கிறார், மத்தியானத்துக்குள் இரண்டு பாதியையும் குடித்து முடிக்கிறார். கேட்டால், பாதிச் சுருட்டுத்தானே குடிக்கிறன், நீயே பாத்துக்கொண்டுதானே நிக்கிறாய் என்கிறார். கொடிகாமம் சந்தையில் தேங்காய் மலிவு என்று மேர்சி எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்தாள். விடிய பஸ் ஏறிப் போனோம். மலிவுதான், பொய்யில்லை. மலிவைக் கண்ட ஆசையில் ஒரு சாக்கு வாங்கிவிட்டேன், அதைப் பஸ்ஸில் ஏற்ற விடமாட்டேன் என்று கொண்டக்டர் நின்றுவிட்டான், கடைசியில் ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தோம். அந்த ஓட்டோக் காசுக்கு இங்கேயே இன்னொரு சாக்குத் தேங்காய் வாங்கியிருக்கலாம் என்று அப்பா ஒரு கிழமை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இப்போது வீட்டில் காலையும் சம்பல், பின்னேரமும் சம்பல்.

இப்படி மிச்சம் பிடித்துப் பழகினவளுக்கு, பாலன் பிறக்கிற நத்தார் வந்தபோது கை இன்னும் இறுகிவிட்டது. இந்த வருடம் புது உடுப்பு இல்லை, கேக் இல்லை, பலகாரம் இல்லை, நீ வருகிற அன்றைக்கு எல்லா நத்தாரையும் சேர்த்துக் கொண்டாடுவோம் என்று சொல்லிவிட்டேன். அப்பா மட்டும் கெஞ்சினார், இஞ்சை பார், நட்சத்திரத்தை மட்டுமெண்டாலும் கட்டுவம், வீடு இருட்டடிச்சுப்போய்க் கிடக்கும் என்று. நட்சத்திரம் கட்டினால் இரவிரவாக பல்ப் எரியும், கரண்ட் பில்லை நீங்களா கட்டுவீர்கள் என்று வாயை அடைத்தேன். ஒழுங்கை முழுக்க நட்சத்திரம், நடுவில் எங்கள் வீடு மட்டும் கறுப்பாய். விடியற் பூசைக்கு உடுக்கப் புதுச் சேலை இல்லைத்தானே, அலுமாரியில் தோய்த்து மடித்திருந்த வெள்ளைச் சேலையை எடுத்து உடுத்துக்கொண்டு போனேன். பாலன் குடிலுக்கு முன்னால் முழந்தாளில் நின்றபோது உன் நினைவு வந்துவிட்டது. ஐப்பசியில் கடைசியாக உன் முகத்தைப் போனில் பார்த்தேன், கன்னம் ஒட்டிப்போய் இருந்தது, கேட்டதற்கு வெளிச்சம் சரியில்லை அம்மா என்றாய். அதற்குப் பிறகு இரண்டாவது வேலைக்குப் போகிறேன், நேரமில்லை, ஆடி வரைக்கும் பொறுங்கள் என்று எழுத்து மட்டும்தான். அதை நினைத்துக் கொஞ்சம் அழுதேன். கோயிலில் அழுதால் யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அழுதேன்.

பூசை முடிந்து வெளியே வந்தால் ஒருவரும் எனக்கு நத்தார் வாழ்த்துச் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டுப் போனார்கள். பலகாரம் கொடுக்காதவளுக்கு வாழ்த்து எதற்கு என்று நினைக்கிறார்கள் போல, சனம் எவ்வளவு மாறிவிட்டது என்று எனக்கு நல்ல கோபம். வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர்ணா இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தாள். பிறகு எதிர்வீட்டில் இருந்து பாணும் பருப்பும், மூன்றாம் வீட்டில் இருந்து கேத்தில் நிறையப் பால் விடாத தேத்தண்ணீர். நத்தாருக்கு ஒரு துண்டுக் கேக்கோ ஒரு கொக்கிஸ் பலகாரமோ ஒருவர் தட்டிலும் இல்லை. அப்பா மட்டும் மூன்றாம் தரம் இடியப்பம் போட்டுக்கொண்டு, நல்ல சனமப்பா, இண்டைக்கு அடுப்பும் மூட்டத் தேவையில்லை, விறகும் மிச்சம் என்றார்.

பின்னேரம் செல்வநாயகம் மூப்பர் வந்தார். கோயில் பூசைகளுக்கு நாள் குறிக்கிறவர் அவர்தானே. கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்காமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு மெல்லமாய், அக்கா, தம்பியின்ரை முப்பத்தொண்டாம் நாளுக்கு ஆத்துமப் பூசை ஒப்புக்குடுக்கிறதெண்டால் இப்பவே சொல்லுங்கோ, தை மாதம் நாள் நெருக்கமாய்க் கிடக்கு என்றார். எந்தத் தம்பி என்று கேட்டேன். மனிசன் அழத் தொடங்கிவிட்டார். அப்போதுதான் தம்பி, எனக்கு எல்லாம் ஒன்றாய் விளங்கியது. சாவு விழுந்த வீடுதானே அந்த வருடம் நட்சத்திரம் கட்டாது, சாவு விழுந்த வீடுதானே பலகாரம் சுடாது, அயல் அட்டையே அந்த வீட்டுக்குச் சமைத்துக் கொண்டு வரும், தாய் வெள்ளை உடுப்பாள், பூசையில் அழுவாள். பிறந்த நாள் முதல் இந்த ஊரில் இருக்கிற எனக்குத் தெரியாத வழக்கமா? கரண்ட் பில்லை நினைத்த தலைக்கு இது எட்டவில்லை. வெளிநாட்டுச் சாவென்றால் உடல் வரும் வரைக்கும் வீட்டுக்காரர் வாய் திறக்கமாட்டார்கள் என்று ஊரே முடிவுகட்டிவிட்டது. கையில் இருந்த அகப்பையோடு மூப்பரைப் படலை வரைக்கும் துரத்தினேன். என்ரை பிள்ளை இருக்கிறான், போய் எல்லாருக்கும் சொல்லும் என்று ஒழுங்கையில் நின்று கத்தினேன்.

கத்திவிட்டு உள்ளே வந்து மேர்சியின் கையில் போனைக் கொடுத்தேன். அவள் உனக்கு எடுத்தாள், நீ பதில் எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தாள். பொழுதுபட்ட பிறகு, வேலை அம்மா, பிறகு எடுக்கிறேன், நத்தார் வாழ்த்து என்று எழுத்து வந்தது. மேர்சி சந்தோஷமாய் வாசித்தாள், பாருங்கோ அம்மா, அண்ணை போட்டிருக்கிறார் என்றாள். நான் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரியாலையில் ஒரு தாய் இருக்கிறாள், பெயர் வேண்டாம். அவளுடைய பிள்ளை ஜெர்மனியில் மாரடைப்பில் போய்விட்டான். தாய் தாங்கமாட்டாள் என்று கூட இருந்த பொடியள் அவனுடைய போனில் இருந்து, சுகம் அம்மா, வேலை அம்மா என்று இரண்டு மாதம் எழுதிக்கொண்டே இருந்தார்களாம். நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்கள். இந்தக் கதையை மேர்சிக்குச் சொல்லவில்லை, அப்பாவுக்கும் சொல்லவில்லை, உனக்குத்தான் சொல்கிறேன். உன் எழுத்து வந்த அடுத்த நாள் நீ பாங்கில் போட்ட காசு வந்தது, நிறுத்துவதாகச் சொன்ன காசு, வழக்கத்தை விடக் கூடவே வந்தது. அப்பா பாங்குச் சீட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, செத்தவன் காசு போடுவானோ, விசரியைப் போலக் கிடவாதை என்றார். காசை யாரும் போடலாம். கூட இருக்கிற பொடியள் சேர்ந்து போடலாம். அரியாலைக்காரிக்கும் காசு வந்ததாம்.

சும்மா இருக்க முடியாமல் நத்தாருக்கு மறுநாள் அப்பாவை ஏணியில் ஏற்றி நட்சத்திரம் கட்டுவித்தேன், இருந்ததில் பெரியதாய். வருடப்பிறப்புக்கு முதல் நாள் மேர்சியும் நானும் பயற்றம் பணியாரம் சுட்டோம், கொடிகாமத்துத் தேங்காய் எல்லாம் அதோடு தீர்ந்தது. வீடு வீடாய்க் கொண்டுபோய்க் கொடுத்தேன், சிவப்புச் சேலை உடுத்துக்கொண்டு. சனம் வாங்கிக்கொண்டு என் தலையைத் தடவி விடுகிறது. பாவம், மனம் பேதலிச்சுப்போச்சு என்று சுவர்ணா அவளுடைய மனிசனுக்குச் சொன்னது என் காதில் விழுந்தது. இதற்கு மேல் நான் என்ன செய்ய? கோயிலில் மற்றவர்கள் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தச் சொல்கிறார்கள். நான் மாட்டேன் என்று நிற்கிறேன். அவர் காணாமல் போனதைத் தேடித் தருகிறவர், அவரிடம் போனால் நீ காணாமல் போய்விட்டாய் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி அல்லவா?

இதை வாசிக்கிறாய் என்றால் நான் சொல்வதைக் கேள். மிச்சம் பிடித்தது காணும், இனிப் போதும். இரண்டாவது வேலையை விடு. ஒழுங்காய்ச் சாப்பிடு, ரெஸ்ரோரன்ற் குசினியில் நின்றுகொண்டே பாணைக் கடித்துவிட்டு ஓடாதே. வருகிறபோது நாலு சூட்கேஸ் நிறையச் சவர்க்காரமும் சொக்லேட்டும் சென்டும் வேண்டாம், வெறுங்கையோடு வந்தால் ஊர் என்ன சொல்லும் என்று பயப்படாதே, ஊர் சொல்லக்கூடியதில் பெரியதைச் சொல்லிவிட்டது. வாடகைக்கு ஹோல் எடுத்து ஊருக்குச் சாப்பாடு போடுகிற எண்ணமும் வேண்டாம். வான் பிடித்துச் சொந்தக்காரர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு மடு மாதா கோயிலுக்குப் போகவேண்டும் என்று அப்பா திட்டம் போட்டு வைத்திருக்கிறார், அதையும் நான் நிறுத்திவிட்டேன், பஸ்ஸில் போவோம், நாலு பேரும் ஒரு சீற்றில் நெருங்கி இருப்போம். ஆடி வரைக்கும் பொறுக்கவும் வேண்டாம், ரிக்கற் எப்போது மலிவோ அப்போது வா, பெருநாளாய் இருக்க வேண்டும் என்று இல்லை. முதலில் ஒருக்கால் போனில் முகத்தைக் காட்டு. மெலிந்திருந்தால் மெலிந்ததைக் காட்டு, வருத்தம் என்றால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து காட்டு, வேலை போய்விட்டது என்றால் அதையும் சொல்லு. எதுவாய் இருந்தாலும் நான் தாங்குவேன். முகம் இல்லாத எழுத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்பாவும் இப்போது சுருட்டை வெட்டுவதில்லை, குடிப்பதும் இல்லை, கடலுக்குப் போகாமல் படலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். கேட்டால் இடுப்பு நோகிறது என்கிறார்.

யேசுபாலன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுவார். மாதாவின் கை உன் தலையில் இருக்கட்டும். அப்பாவின் ஆசீர்வாதம், மேர்சியின் முத்தங்கள். இதைத் தபாலில் போடவில்லை மகன், தபாலில் போட்டால் யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஒழுங்கை லெனாட் மாமா தன் மகளுடைய வீட்டுக்குப் பாரிஸ் வருகிறார், அவரிடம் கொடுத்து விடுகிறேன். அவன் வேலையிலை நிண்டால் கூட இருக்கிற பொடியளிட்டைக் குடுத்திட்டு வாறன் அக்கா என்றார். வேண்டாம் என்றேன். உன் கையில் தவிர வேறு ஒருவர் கையிலும் கொடுக்கக்கூடாது, நீ இல்லையென்றால் ஒட்டினபடியே எனக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். இந்தக் கடிதம் என்னிடம் திரும்பி வரக்கூடாது, என் ராசா.

உன் முகம் காண இருக்கும் அம்மா,
சி. மக்டலீன்