செத்தது ஆளோ விசாவோ

லா சப்பல், பாரிஸ்
17.05.1987

அன்பு மகள் இம்மாகுலேற்றுக்கு,

அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம், நீயும் மன்னாரில் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். உனக்கு இங்கிலீஷ் ரீச்சர் வேலை கிடைத்த கடிதத்தை அம்மா கீழ்க்கடைக்காரருக்கும் வாசித்துக் காட்டிவிட்டா. இனி உன் தங்கச்சியின் கதையைக் கேள். செசிலுக்கு இங்கிலீஷில் இருபதுக்கு ஏழு. இந்தப் புள்ளியோடு மேல்வகுப்புப் படிக்கிற லிசேக்கு விடமாட்டார்கள், தையல் பழகத்தான் அனுப்புவார்கள். பதினெட்டு வருடம் இங்கிலீஷ் படிப்பித்தவனின் மகளுக்கு ஏழு. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கோப்பை கழுவுகிற உணவகத்தில் அரைநாள் லீவு கேட்டு, கோட்டும் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

செசிலின் இங்கிலீஷ் ரீச்சர் இங்கிலாந்தில் ஒரு கோடை விடுமுறை இருந்தவவாம், மிச்சமெல்லாம் கசெற்றில் படித்தது. ஹவுஸ் என்று வாயில் வராது, அவுஸ்தான். நானோ இங்கிலாந்தை ஏரோப்பிளேன் யன்னலாலும் பார்த்ததில்லை. என் இங்கிலீஷ் அவவுக்கு விளங்கவில்லை, அவவின் இங்கிலீஷ் எனக்கு விளங்கவில்லை. கடைசியில் இரண்டு இங்கிலீஷ் வாத்திமாருக்கும் நடுவில் செசில் நின்று பிரெஞ்சிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னாள். செத்துப்போன நீக்கிலாஸ் சித்தப்பாவைப் பற்றிச் செசில் தன் கட்டுரையில் எக்ஸ்பயர்ட் என்று எழுதியதைச் சிவப்பு மையால் வெட்டியிருந்தா. மரியாதையான மனிதர் செத்தால் டைட் என்று எழுதக்கூடாது, எக்ஸ்பயர்ட் என்றுதான் எழுதவேண்டும் என்று ஊரெல்லாம் படிப்பித்தவன் நான். அந்தச் சொல் காலாவதியாகிற பாலுக்கும் பத்திரத்துக்கும்தானாம். அப்பா, செத்தது ஆளோ விசாவோ எண்டு மடாம் கேக்கிறா என்று செசில் சொன்னாள். என் தம்பியை விசாவாக்கிவிட்டாவே என்று கத்தினேன், அதை அவள் மொழிபெயர்க்கவில்லை.

ரீச்சர் கத்தவில்லை. அந்த ஏழு புள்ளி எழுதினதற்கு இல்லை, வகுப்பில் வாய் திறக்காததற்கு என்றா. ஏன் பேசுவதில்லை என்று கேட்டதற்கு, பிழை விட்டால் அப்பா கோடு போடுகிற அடிமட்டத்தால் விரல் மூட்டில் அடிப்பார் என்று இவள் சொன்னாளாம். அதையும் செசில்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குத் தமிழில் சொன்னாள். ஜூன் ஐந்தாம் திகதி வெள்ளிக்கிழமை திரும்பப் பேசவைத்துப் பார்த்துப் புள்ளி போடுவாவாம். அதுவரை நான் வீட்டில் இங்கிலீஷ் படிப்பிக்கக் கூடாதாம். சரி என்றுவிட்டு வந்தேன். மெற்றோவில் அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாயிருந்தது.

மாதா உன்னைக் காப்பா. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, அந்த வெள்ளிக்கிழமை தங்கச்சிக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்து. வகுப்புக்கு அடிமட்டம் கொண்டு போகாதே. நீயும் என் வகுப்பில் மூன்று வருடம் இருந்தாய், ஒரு நாளும் கை உயர்த்தியதில்லை. அடக்கமான பிள்ளை என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். அது அடக்கமா, பயமா என்று எழுது. பிழை பார்க்கமாட்டேன்.

உன் அப்பா,
யேசுரட்ணம்