அவர் பேசுவது தமிழ்தானா என்று கேட்டார்கள்

இன்று காலை என் கழுத்தில் அந்த ஜெல்லைத் தடவினார்கள். சில்லென்று இருந்தது. ஸ்கேன் பார்த்த பெண், "சகள டீக் ஆஹே, மாவ்ஷி" என்றாள். எல்லாம் சரியாக இருக்கிறதாம், அடைப்பு ஒன்றுமில்லையாம். உங்களுக்காக எத்தனை முறை அந்த அறைக்கு வெளியே காத்திருந்திருக்கிறேன்!

அன்றைக்குத் தாபோடி வீட்டில் நீங்கள் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது ரேசர் கீழே விழுந்தது. வலது கை தொங்கிப்போயிற்று. "ஏங்க, இன்னா ஆச்சு?" என்று ஓடிவந்தேன். வாய் அசைந்தது, சொல் வரவில்லை. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகி, "ஷிஃப்டுக்கு நேரமாவுது, டப்பா கட்டு" என்றீர்கள். நான் கட்டவில்லை. ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் இடது கழுத்துக் குழாயில் நூல் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. அடுத்த முறை வந்தால் பேச்சு திரும்பாமலே போகலாம் என்றார் டாக்டர். குழாயைத் திறந்து அடைப்பை எடுக்க வேண்டும். கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். நீங்கள் விழித்தபடி பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு குழறினால் மூளைக்கு இரத்தம் போதவில்லை என்று அர்த்தம்.

முப்பது வருஷம் ஃபேக்டரியில் இந்தியும் மராத்தியும் பேசியவர் நீங்கள். ஆபரேஷன் மேஜையில் படுத்ததும் தமிழுக்குத் திரும்பிவிட்டீர்கள். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. நர்ஸ் ஓடிவந்து எனக்கு அங்கியும் முகமூடியும் மாட்டி உள்ளே அழைத்துப் போனாள். துணித் திரைக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டர் இந்தியில் கேட்டார், "இவர் பேசுவது தமிழ்தானா?"

குனிந்தேன். "கேஸ் சிலிண்டர் புக் பண்ணிட்டியா?" என்றீர்கள். தமிழ்தான் என்றேன். அதன்பின் குழாயை இடுக்கியால் பிடித்தார்கள். "சாவி... வாவி..." என்றீர்கள், பிறகு வெறும் சத்தம். அடுத்த சொல் சரியாக வந்துவிடும், வந்துவிடும் என்று காத்துக்கொண்டு நின்றேன். டாக்டர் மறுபடி கேட்டபோதுதான், "யே தமிழ் நஹீ ஹை" என்றேன், இது தமிழ் இல்லை என்று.

உடனே ஒரு சின்னக் குழாயைச் செருகி இரத்தத்தை மேலே விட்டார்கள். சற்று நேரத்தில், "மூக்கு அரிக்குதுடி, சொறிஞ்சு வுடு" என்றீர்கள். தொடக் கூடாது என்று நர்ஸ் தலையாட்டினாள்.

அப்புறம் ஐந்து வருஷம் பேசித் தீர்த்தீர்கள். வலது கையில் இரண்டு விரல் மட்டும் முழுசாக வரவில்லை. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். வீட்டில் ரேசர் விழுந்த அன்றே வந்த பாதிப்பாக இருக்கும் என்றார் டாக்டர். இருக்கலாம். நான் எவ்வளவு நேரம் வாயடைத்து நின்றேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. "இவளாலதான் பொழச்சேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் நீங்கள் சொல்லும்போது, காபி போடுகிற சாக்கில் எழுந்து போய்விடுவேன்.

போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தீர்கள். சொல்வதற்கு ஐந்து வருஷம் இருந்தும் சொல்லவில்லை. எழுதினால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன், இறங்கவில்லை. முதல் சத்தத்திலேயே அது தமிழ் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டதுங்க.