நாடி பார்க்காத கை

இன்று காலை வெளிநோயாளர் அறைக்குள் தோல் பதனிடும் வாடை வந்தது. எவ்வளவு துவைத்தாலும் சட்டையை விட்டுப் போகாத வாடை அது. ஆம்பூரிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நிமிர்ந்தால், உன்னுடைய பழைய நோயாளி, அந்த பாய். டேனரியில் வேலை பார்ப்பவர். நெஞ்சு படபடப்பென்று வந்து, உன்னிடம் பேசிப் பேசியே குணமானவர். சும்மா உன்னைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். உடனே என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“அந்த சிஸ்டர் இல்லியா?”

நீ இறந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும் உன்னைத்தான் தேடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவளோடு போட்டி போட முடியாது என்று எனக்கும் தெரியும். உயிரோடு இருந்தபோது மட்டும் உன்னை ஜெயித்தேனா என்ன?

மனநலப் பிரிவு நர்ஸ்களான நமக்கு சி.பி.டி. பழக்கிய அந்த நாட்களிலேயே இது தொடங்கிவிட்டது. மனதில் ஓடும் எண்ணத்தைப் பிடித்து, அது நிஜம்தானா என்று நோயாளியையே சோதித்துப் பார்க்க வைக்கும் சிகிச்சை. எழுத்துத் தேர்வில் நான்தான் முதல். நீ தட்டுத்தடுமாறித் தேறினாய். ஆனால் நடித்துப் பழகும் வகுப்பில் நீ நோயாளியாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “செத்துடுவேன் போலருக்கு சிஸ்டர்” என்றதும், என் கை தானாக உன் மணிக்கட்டுக்குப் போய்விட்டது. நாடி பார்த்து, “நார்மலாதான் இருக்கு, பயப்படாதீங்க” என்றேன். வார்டில் வருடக்கணக்காகச் செய்த வேலை, நர்ஸின் கை வேறு எங்கே போகும்? வகுப்பே சிரித்தது. நீ சிரிக்கவில்லை.

“நீ கையப் புடிச்சா எனக்கு நல்லாதான்டி இருக்கு. அதான் பேஜாரு. நாளைக்கும் உன் கைதான் வேணும்னு தோணும்.”

நீயும் சேர்ந்து சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

அப்புறம்தான் இந்த பாய் வந்தார். கூட வேலை பார்த்தவர் கண்ணெதிரே மாரடைப்பில் விழுந்ததைப் பார்த்ததிலிருந்து, பேச்சுக்கு நடுவில்கூடத் தன் நாடியைத் தானே தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். டாக்டர்கள் எல்லாச் சோதனையும் செய்து, இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நீ இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு கேட்டாய்: “இப்ப மனசுல இன்னா ஓடுது பாய்?”

படி ஏறினால் நெஞ்சு நின்றுவிடும் என்றார்.

“ஏறித்தான் பாப்பமே. நானும் கூட வர்றேன்.”

டாக்டரிடம் சொல்லிவிட்டு அவரை மாடிப்படிக்கு அழைத்துப் போனாய். மேலே போய்ச் சேர்ந்தபோது அவரைவிட உனக்குத்தான் மூச்சு வாங்கியது. “நெஞ்சு அடிச்சிக்குது சிஸ்டர்” என்றார். “எனக்கும்தான். உக்காருங்க, அதுவா அடங்குதான்னு பாப்போம்” என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாய். நான் கீழே நின்று வேடிக்கை பார்த்தேன். புத்தகத்தில் நான் அடிக்கோடு போட்டு வைத்திருந்த பக்கத்தை நீ படிக்காமலே செய்துகொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு வாணியம்பாடியிலிருந்து வருகிறவர்கள்கூட உன் நாற்காலிக்கு எதிரேதான் காத்துக் கிடந்தார்கள். நான் உன்னைக் காப்பியடித்துப் பார்த்தேன். “மனசுல இன்னா ஓடுது” என்று நான் கேட்டால் போலீஸ் விசாரணை மாதிரி இருந்தது. வயிறு எரிந்தது.

இன்று அந்த மனிதரிடம் என்ன சொல்வது? உனக்கு நின்றுபோனதும் நெஞ்சுதான். சத்துவாச்சாரி வீட்டில், அடுப்பு எரிந்துகொண்டிருந்தபோதே. உண்மையைச் சொன்னால் அவருடைய பழைய பயம் முழுதாகத் திரும்பிவிடலாம். வேறு ஊருக்கு மாற்றல் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் பஸ்ஸில் யாராவது உண்மையைச் சொல்லிவிட்டால் அப்புறம் எங்கள் யார் பேச்சையும் நம்பமாட்டார்.

“அவங்க தவறிட்டாங்க பாய்.”

“இன்னா ஆச்சு?”

“ஹார்ட்டு.”

அவர் கை உயர்ந்தது. மேசைமேல் என் கையும் முன்னால் போனது. பின்னுக்கு இழுத்து மடியில் கோத்துக்கொண்டேன்.

“இப்ப மனசுல இன்னா ஓடுது பாய்?”

அவர் கை மணிக்கட்டுக்குப் போகவில்லை, முகத்தைப் பொத்திக்கொண்டது. “அன்னிக்குப் படி ஏறும்போது அவங்களுக்குத்தான் ஜாஸ்தி மூச்சு வாங்கிச்சு. நான் என் நெஞ்சையே பாத்துக்கினு இருந்தேன். இன்னா சிஸ்டர்னு ஒரு வார்த்தை கேக்கலியே” என்று அழுதார்.

உங்கள் தப்பில்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதுவும் நாடி பார்ப்பது போலத்தான், அப்போதைக்கு ஆற்றிவிட்டுப் போய்விடும். சொல்லவில்லை. படிக்குக் கீழே நின்று பார்த்த எனக்குள்ளும் இத்தனை மாதமாக அதேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் அழுது முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தேன்.

போகும்போது, “அடுத்த வாரம் வர்றேன் சிஸ்டர். உங்ககிட்டயே பேசறேன்” என்றார்.

நான் இத்தனை நாள் ஏங்கியது கிடைத்துவிட்டது. உன் பாய் இனி என்னிடம் வருவார். உன் கேள்வியும் ஒருவழியாக என் வாய்க்குப் பழகிவிட்டது. இப்போது அவர்மேல்தான் எனக்குப் பொறாமை. அவரைக் கேட்க நான் இருக்கிறேன். உனக்கு மனசுல இன்னாடி ஓடுது என்று என்னைக் கேட்க நீ ஒருத்திதான் இருந்தாய்.